டீகனைப் படிக்க வைத்தவர்கள்

உலகின் தென்கோடியில் இருக்கும் பூவாங் மேட்டில் அக்டோபரில் வசந்தம் பிறந்துவிட்டால் புல்லைத் தவிர வேறு பேச்சு கிடையாது. முழங்கால் உயரத்துக்கு வந்த புல்லை வெட்டி, காயப்போட்டு, உருட்டி, பிளாஸ்டிக் சுற்றி வைத்தால்தான் கோடையில் மாடு தின்னும். அதற்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் வேண்டும். பூவாங்கில் அப்படி ஒரு மூன்று நாளைக் கண்டவர்கள் குறைவு. ஆனாலும் ஹாலிக் வீட்டு நெவில் தினமும் காலையில் கொட்டகை வாசலில் நின்று மேற்கே பார்ப்பார். சொந்தக்காரன் சொன்ன நாளில் வரவில்லையே என்று பார்ப்பதுபோல் இருக்கும் அந்தப் பார்வை.

அந்தச் சனிக்கிழமையும் மழைதான். நெவிலின் மகள் டீகன் இருட்டோடு எழுந்து இருநூறு மாட்டையும் கறந்து, சாணித் தரையைக் குழாயால் அடித்துக் கழுவி, கன்றுகளுக்குப் பால் காட்டி, மடிநோய் வந்த இரண்டு மாட்டைத் தனியே ஒதுக்கிவிட்டு வீட்டுப் பக்கம் வந்தபோது வாசலில் கணக்கர் ட்ரெவரின் கார் நின்றது. சனிக்கிழமையில் கணக்கர் வீடு தேடி வருவது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று யோசித்துக்கொண்டே பூட்சைக் கழற்றினாள். தம்பி ஜாரட்டும் முந்தின நாள்தான் மேற்குக் கோடியிலிருந்து விமானத்தில் வந்திருந்தான். அங்கே இரும்புச் சுரங்கத்தில் இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் லீவு. லீவில் பூவாங் பக்கம் எட்டிப் பார்க்காதவன் இந்த முறை வந்திருக்கிறான் என்றபோதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். தூக்கம் போதாதவளுக்கு எதுவும் சீக்கிரம் உறைப்பதில்லை.

எட்டு வருஷமாகவே அவளுக்குத் தூக்கம் போதவில்லை. அதற்கு முன்னால் அவள் மாநில எல்லை தாண்டி, ஆறு மணி நேரக் கார்ப் பயணத்துக்கு அப்பால், கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷப் படிப்பில் நாலாவது வருஷம். ஒரு ஆகஸ்டில் புதுக் கிடாரி ஒன்று நெவிலைக் கம்பியோடு வைத்து நெருக்க, அவர் இடுப்பு முறிந்தது. மாடுகள் வரிசையாகக் கன்று போடும் காலம். ஜாரட் அப்போதுதான் சுரங்கத்தில் சேர்ந்திருந்தான். நல்ல சம்பளத்தில் இருப்பவனைக் கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. டீகனைக் கூப்பிட்டார்கள். படிப்பவளுக்குச் சம்பளம் ஏது, போனால் என்ன?

இந்தக் கன்றுக் காலம் மட்டும் என்றுதான் வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஒரு தேதி உண்டு. ஆகஸ்ட் முடிவதற்குள் பெயரை எடுத்துவிட்டால் அந்தப் பருவத்துக் கட்டணம் கிடையாது. அந்தத் தேதியைத் தாண்டிவிட்டால் வகுப்பு வாசலை மிதிக்காவிட்டாலும் கட்டணம் கட்டணம்தான். பூவாங்கில் ஆகஸ்ட் கடைசி என்றால் விடிவதற்குள் பத்துக் கன்று விழும். டீகன் தோள் வரை கையை மாட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். தலைதூக்கிப் பார்த்தபோது செப்டம்பர் பாதி போயிருந்தது. மாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகளில் இப்படித் தேதியைத் தவறவிட்டவள் அவள் ஒருத்தியல்ல. அந்தத் தேதியைக் குறித்தவர் ஒரு கன்றையாவது இழுத்துப் பார்த்தவராக இருந்தால் அக்டோபரில் வைத்திருப்பார்.

ஆக, படிக்காத பருவத்துக்கும் சேர்த்து நாலு வருஷக் கட்டணம் அவள் பெயரில் ஏறியது. கட்டியது அரசாங்கம். ஹெக்ஸ் என்று சொல்வார்கள் அந்தக் கடனை. வட்டி கிடையாது, ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை, ஜூன் முதல் தேதி, விலைவாசி எவ்வளவு ஏறியதோ அவ்வளவு கடனும் ஏறும். வருமானம் ஒரு அளவைத் தாண்டினால் வரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். பட்டம் வாங்கினாயா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

சமையலறையில் ஆட்டுத்தொடை வெந்த வாசனை. அம்மா க்ளெனிஸ் பூசணித் துண்டுகளை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். "உக்காரு டீக், ஆறிடும். கையை நல்லாக் கழுவினியா?"

"கழுவினேன்மா. இதுக்கு மேல கழுவினா தோலு போயிடும்."

ட்ரெவர் எல்லோர் வீட்டுக் கணக்கும் பார்க்கிறவர். சாவுக்கும் வருவார், கல்யாணத்துக்கும் வருவார். இரண்டிலும் ஒரே கோட்டுதான். கிரேவியை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"சுருக்கமா சொல்லிடறேன் டீகன். அப்பாவுக்கு எழுபது ஆகப்போகுது. பண்ணையை ஜாரட் கைக்கு மாத்தறோம். வங்கியிலயும் பேசியாச்சு. ஒரே ஒரு சின்ன வேலைதான் பாக்கி."

டீகன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "மாத்தறீங்களா? எனக்குத் தெரியாதே."

"தெரியாம என்ன?" என்றார் நெவில். "பண்ணை பையனுக்குன்னு எப்பவும் இருக்கற பேச்சுதானே. உன்னைத்தான் படிக்க வச்சோமே."

அந்த மேட்டில் இது புதிய பேச்சு இல்லை. பையனுக்கு நிலம், பெண்ணுக்குப் படிப்பு. நெவிலின் அக்காவுக்கும் அப்படித்தான் செய்தார்கள், பக்கத்துப் பண்ணையிலும் அப்படித்தான். நெவில் அதை அநியாயம் என்று நினைத்துச் சொல்லவில்லை. தானும் நியாயமாகப் பங்கு போட்ட நிம்மதியில்தான் சொன்னார். அந்த நிம்மதிதான் டீகனுக்குப் பொறுக்கவில்லை.

"யாருப்பா படிக்க வச்சது?"

"நாங்கதான். வேற யாரு?"

"என்ன செலவு பண்ணீங்க?"

"என்ன செலவா? அந்த வெள்ளைக் காரை யாரு குடுத்தா?"

"அதுவா! வாங்கும்போதே அதுக்கு என் வயசு. பிரேக்கை விட ஹாரன் நல்லாப் புடிக்கும்."

ஜாரட் சிரித்துவிட்டான். அப்பா பார்த்ததும் வாயில் உருளைக்கிழங்கைப் போட்டுக்கொண்டான்.

"கட்டணம் கட்டினது அரசாங்கம்," என்றாள் டீகன். "கடன் என் தலையில. நீங்க கோழிக்கறி டப்பா குடுத்து விட்டீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, இல்லேங்கல. அதுக்குப் பேரு படிக்க வைக்கறதா?"

"நெவில், நான் விஷயத்தைச் சொல்லிடறேன்," என்று ட்ரெவர் குறுக்கே வந்தார். "டீகன், பண்ணை குடும்ப ட்ரஸ்ட்டுல இருக்கு. வருஷா வருஷம் வர்ற லாபத்துல ஒரு பங்கு உன் பேர்ல, ஒரு பங்கு அம்மா பேர்லன்னு பிரிச்சு எழுதறோம். ஒருத்தர் பேர்லயே காட்டினா வரி கூட. எல்லாரும் பண்றதுதான். எழுதினோமே தவிர பணம் உன் கைக்கு வரல, பண்ணையிலேயேதான் இருக்கு. அப்போ கணக்குப்படி பண்ணை உனக்குக் குடுக்க வேண்டியிருக்கு. வங்கிக்காரன் அதைக் கடனாப் பாக்கறான். எனக்கு வேண்டாம்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டா ஜாரட்டுக்கு லோன் கிடைச்சிடும். அம்மா போன வாரமே என் ஆபீசுக்கு வந்து போட்டுட்டாங்க."

க்ளெனிஸ் புதினாச் சட்னியை மேஜையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

"எவ்வளவு வரும் என் பங்கு?" என்றாள் டீகன்.

ட்ரெவர் சொன்னார். ஜாரட் சன்னமாக விசிலடித்தான். டீகனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய மழைக்கோட்டில் தோள்பட்டை கிழிந்து, போன குளிர்காலம் முழுக்கக் மடிநோய் மாட்டின் காலில் அடையாளத்துக்குச் சுற்றுகிற டேப்பைப் போட்டு ஓட்டியிருந்தாள்.

"அவ்வளவு பணக்காரியா நான்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கோட்டு வாங்கியிருப்பேனே."

"காகிதத்துலதான்," என்றார் நெவில்.

"அரசாங்கத்துக்கு நான் குடுக்க வேண்டியதும் காகிதத்துலதான்ப்பா இருக்கு. அவங்க மட்டும் எப்படிப் பிடிக்கறாங்க?"

"அதையும் பண்ணைதான் கட்டுது! உன் வரியை யாரு கட்டறா? ட்ரெவரைக் கேளு. ஹெக்ஸ்ல போற ஒவ்வொரு டாலரும் இந்த மாட்டு மடியிலேர்ந்து போகுது."

"மடியிலேர்ந்து கறந்தது யாரு? என் பேர்ல நீங்க இல்லாத வருமானத்தை எழுதப் போய்த்தான் அந்த வரியே வந்துச்சு. நீங்க குடுக்கற சம்பளத்துக்கு ஹெக்ஸ்காரன் என்னைத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டான்."

"ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்," என்று சொல்லிவிட்டு ட்ரெவர் இன்னொரு பூசணித் துண்டை எடுத்துக்கொண்டார். கணக்கர்கள் எந்த வீட்டிலும் பட்டினி கிடப்பதில்லை.

கிரேவி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. டீகன் நிதானமாகச் சொன்னாள்.

"சரி. கையெழுத்துப் போடறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். படிக்க வச்சேன்னு சொல்றீங்கல்ல? நிஜமாவே வச்சிடுங்க. இருக்கற ஹெக்ஸ் முழுக்கக் கட்டிடுங்க. பாக்கி ரெண்டரை வருஷத்துக்கும் கட்டணம் கட்டுங்க. என் பங்குல பாதி கூட ஆகாது. வர்ற பிப்ரவரியில சேர்ந்தா பழைய பாடத்தை எல்லாம் ஏத்துக்கறோம்னு யுனிவர்சிட்டியில சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் ஏத்துக்க மாட்டாங்க, மொதல்லேர்ந்துதான். எனக்கு முப்பது வயசாச்சு."

க்ளெனிஸ் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். இது அவளுக்கும் புதுசு.

"டீக், இந்த வருஷம் முடியாது," என்றான் ஜாரட். அவன் கெட்டவன் இல்லை, நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னான். "லோன் அளவா வருது. கொட்டகைக் கூரை மாத்தணும், பால் தொட்டி மாத்தணும். ரெண்டு சீசன் பொறு. கண்டிப்பாக் கட்டறேன்."

"ரெண்டு சீசன்ல நான் முதல் வருஷப் பிள்ளைங்களோட உக்காந்து தவளையை அறுத்துக்கிட்டிருப்பேன். அது போகட்டும். நீ எப்ப இங்க வர்ற?"

"கான்ட்ராக்ட் முடியணும். அடுத்த கன்னுக் காலம் தாண்டிடும்."

"அது வரைக்கும் யாரு கறக்கறது?"

நாலு பேரும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள். ஆட்டுத்தொடையில் கவனிக்க அவ்வளவு இருந்தது.

நிலமும் இல்லை, பட்டமும் இல்லை. கையெழுத்துப் போட்டால் மிஞ்சுவது ஹெக்ஸ் மட்டும். போடாவிட்டால் பண்ணை கை மாறாமல் அப்பாவிடமே நிற்கும், பண்ணை நின்றால் அதைக் கறக்க அவள் நிற்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாட்டின் பின்பக்கம்தான் முகத்துக்கு நேரே வந்தது. அவள் எழுந்து ஈரக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். ட்ரெவர் கையெழுத்துத் தாளை உறையில் போட்டுக் குளிர்பெட்டி மேல் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

மாலைக் கறவைக்கு நெவிலே மாடுகளை ஓட்டி வந்தார். இடுப்பு தேறியும் தேறாமலும் இருப்பவர், கறவைப் பள்ளத்துக்குள் இறங்கி எவ்வளவோ நாளாயிற்று. அன்றைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக இறங்கி வந்தார். பள்ளத்தில் நின்றால் இருபுறமும் மடிகள் மட்டும் கண்ணுக்கு நேரே வரிசையாகத் தெரியும், மாட்டின் முகம் தெரியாது. கறவைக் கப்புகளில் பாலை இழுக்கும் வெற்றிட பம்பு தடதடவென்று அடித்தது. டீகன் காம்பைத் துடைப்பதும் கப்பை மாட்டுவதுமாக நகர்ந்துகொண்டிருந்தாள்.

"எவ்வளவு அது?" என்று பம்புச் சத்தத்துக்கு மேலே கேட்டார்.

"எது?"

"அந்த ஹெக்ஸ்."

சொன்னாள். அவர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னாள்.

"அவ்வளவா?" முகம் நிஜமாகவே மாறிவிட்டது. "என்னவோ பேருக்கு ஏதோ பிடிக்கறாங்கன்னு நெனச்சேன். எங்க காலத்துல காலேஜு சும்மாதானே. நான் போகல, அது வேற. போனவங்களுக்குச் சும்மா."

"உங்க காலத்துல."

"நீ சொன்னதே இல்லையே."

"சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?"

நெவில் பக்கத்து மாட்டின் தொடையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பொய் சொல்ல வராத மனுஷர். அதனால்தான் அவரோடு வாழ்வது கஷ்டம்.

"இல்ல," என்றார். "கட்டியிருந்தா நீ போயிருப்பே."

டீகன் அடுத்த மாட்டுக்குக் கப்பை மாட்டினாள். அழுகை வரும் என்று நினைத்தாள், கோபம்தான் வந்தது. இத்தனை நாளும் தன்னை இங்கே நிறுத்தியது விபத்து, மழை, கன்றுக் காலம் என்று ஏதேதோ சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தாள். இந்த மனுஷருக்கு அவள் மாட்டிக்கொண்டிருப்பது சௌகரியமாக இருந்திருக்கிறது.

"அப்போ நான் சொல்றதைக் கேளுங்க," என்றாள். "கையெழுத்துப் போட மாட்டேன். இப்பவே குடுன்னும் கேக்க மாட்டேன். பண்ணை எனக்குக் குடுக்க வேண்டியது அப்படியே கிடக்கட்டும். வட்டி வேண்டாம். ஜூன் முதல் தேதி விலைவாசிக்குத் தக்கன ஏத்திக்குவேன். நல்ல வருமானம் வர்ற வருஷம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டுங்க. வராத வருஷம் வாசல்ல வந்து நிக்க மாட்டேன். எனக்கு அரசாங்கம் என்ன குடுத்துச்சோ, உங்களுக்கு நான் அதைக் குடுக்கறேன்."

நெவில் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். "நான் செத்துட்டா?"

"தள்ளுபடி. அதுலயும் அரசாங்கம் மாதிரிதான்."

"சாகறதுக்குச் சலுகை வேறயா!" அவருக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்து, இடுப்பில் வலித்து, கம்பியைப் பிடித்துக்கொண்டார். டீகனும் சிரித்துவிட்டாள். இரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை.

"ஜாரட்டுக்கு லோன் வராது. அவன் வரமாட்டான்," என்றார் பிறகு.

"வரலேன்னா ஆள் வச்சுக்கோங்க. பிப்ரவரி வரைக்கும் கறப்பேன்."

"ஆளு! இந்த மேட்டுக்கு எவன் வர்றான்? நீ பேசறதுதான் பேசறே. இருநூறு மாட்டையும் மடி வீங்க விட்டுட்டுக் கார்ல ஏறிடுவியா? உன்னால முடியாது. எனக்கு உன்னைத் தெரியும்."

அவர் தெரிந்துதான் சொன்னார். டீகன் கறந்து முடித்த வரிசையைத் திறந்துவிட்டாள், அடுத்த வரிசை உள்ளே வந்தது.

குளித்துவிட்டு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து போனில் பல்கலைக்கழகத்துப் பக்கத்தைத் திறந்தாள். பெயர், பழைய எண், பாடங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. கடைசியில் அந்தக் கேள்வி வந்தது: கட்டணத்தை இப்போது செலுத்துகிறாயா, கடனாக ஏற்றிக்கொள்ளவா? கடனிலிருந்து வெளியே போக அவளுக்கு இருந்த வழி, இன்னும் கொஞ்சம் கடன். ஏற்றிக்கொள் என்று அழுத்தினாள். அழுத்திய பிறகும் போகமுடியும் என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. அப்பா சொன்னது காதிலேயே நின்றது. தான் போய்விட்டால் மறுநாள் காலையில் மாடுகள் வாசல் கம்பியில் முட்டிக்கொண்டு கத்துவதை இப்போதே கேட்டாள்.

ஞாயிறன்று ஜாரட் மத்தியான விமானத்துக்குக் கிளம்பினான். "யோசிச்சுப் பாரு டீக்," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான். மழை விட்டிருந்தது. நெவில் புல்லைப் பார்க்கப் போனார், மாலைக் கறவைக்கு வரவில்லை.

டீகன் முதல் வரிசையை ஏற்றிக்கொண்டிருந்தபோது படியில் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. க்ளெனிஸ் நெவிலின் பழைய பிளாஸ்டிக் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். முட்டி மடங்காது அவளுக்கு. இறங்கும்போது முகத்தைச் சுளித்தாள்.

"என்னம்மா? ஏதாவது வேணுமா?"

"கத்துக்க வந்தேன். நான் கறந்தப்ப இந்தத் தானாக் கழண்டுக்கற கப்பு எல்லாம் கிடையாது. எந்தப் பட்டனை அமுக்கறதுன்னு சொல்லிக் குடு."

"எதுக்கு?"

"பிப்ரவரிக்கு. நீ வாரம் ரெண்டு நாள் சொல்லிக் குடுத்தாலும் அதுக்குள்ள கத்துக்குவேன். நீ பொறந்த அன்னைக்குக் காலையில கூடக் கறந்துட்டுத்தான் ஆஸ்பத்திரி போனேன், தெரியுமா? உங்கப்பா சொல்லியிருக்க மாட்டாரு."

"உளறாதேம்மா. உன் முட்டியை வச்சுக்கிட்டு இந்த ஈரத்துல நிக்க முடியுமா?"

"என் முட்டி எனக்குத் தெரியாதா?" க்ளெனிஸ் மாட்டு மடிகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என் பேர்லயும் எழுதியிருந்தாங்க டீக். கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து. ட்ரெவர் தொகையைச் சொன்னப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு, உன்னை மாதிரியே. சிரிச்சுக்கிட்டே போட்டுட்டேன். இன்னைக்குக் காலையில அவருக்குப் போன் பண்ணி, திரும்ப எடுக்க முடியுமான்னு கேட்டேன். வங்கிக்குப் போயிடுச்சாம். முடியாதாம்."

டீகன் பம்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள்.

"நீ போட்டுடாதே," என்றாள் க்ளெனிஸ். "அந்த உறையை அடுப்புல போட்டுட்டேன். அவரு வேற தாள் கொண்டு வருவாரு, அதையும் போடாதே. போய்ப் படிச்சு முடி."

"நீ இங்க நின்னா நான் எப்படிம்மா போவேன்?"

"கார்லதான்."

டீகன் அம்மாவைப் பார்த்தாள். ஏப்ரன் கணுக்கால் வரை தொங்கியது. இத்தனை வருஷமாக ஹெக்ஸ், அப்பா, மாடு என்று தன்னைக் கட்டிப்போட்டவர்களை விரல் விட்டு எண்ணியிருக்கிறாள். அம்மாவை அதில் சேர்த்ததே இல்லை. இனி எவ்வளவு தூரம் போனாலும், எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும், காலையிலும் மாலையிலும் இந்தப் பள்ளத்தில் மடங்காத முட்டியோடு அம்மா நிற்பாள் என்பதைத் தெரிந்துகொண்டேதான் படிக்க வேண்டும். அந்தக் கடனை எந்த அரசாங்கம் கட்டும்? போகாமலிருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அம்மா கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல காம்பைத் துடைக்கணும்மா," என்றாள் டீகன். கப்புகளை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.